ஒரு சிறு மாத்திரையும் என் அவசர வார்த்தையும்



ஊழியக்காரன் தன் ஊழியத்தில் நடந்த அற்புதங்களைச் சாட்சியாகச் சொல்லுவது எளிது. தன் தவறைச் சாட்சியாகச் சொல்லுவதற்கு அதிகக் கிருபை வேண்டும். ரேணிகுண்டாவில் எங்கள் சபையில் நடந்த ஒரு காரியத்தை, சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்தோடும் அவருடைய பெயரைக் குறிப்பிடாமலும் இந்த மாதம் எழுதுகிறேன். சரீர பெலவீனத்தோடு போராடுகிற ஒரு சகோதரிக்காகிலும், அப்படிப்பட்டவர்களை விசாரிக்கிற ஓர் ஊழியருக்காகிலும் இது பிரயோஜனமாயிருக்கும் என்று நம்புகிறேன்.

ரேணிகுண்டா ஒரு ரயில்வே ஜங்ஷன். அரக்கோணத்திலிருந்தும், கூடூரிலிருந்தும், குந்தக்கல்லிலிருந்தும், திருப்பதியிலிருந்தும் வருகிற பாதைகள் இங்கே சந்திக்கின்றன. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ரயில்வே வேலைக்காகவும், பிற்பாடு தொழிற்சாலை வேலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்குண்டு. தெலுங்கு பேசும் ஊரில் தமிழில் ஆராதிக்கிற சிறு மந்தை எங்களுடையது.

அந்தச் சகோதரியும் அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் ரயில்வே ஊழியர். சபையில் பாடல்களை நடத்துகிற பொறுப்பு இவருடையது. தைராய்டு சுரப்பி சரிவர வேலை செய்யாதபடியினால், பல வருடங்களாகத் தினமும் காலையில் ஒரு சிறு வெள்ளை மாத்திரையை உட்கொண்டு வந்தார். அதைப் பற்றி எனக்கும் தெரியும். ஆனால் அதைக் குறித்து நான் ஒருநாளும் அதிகமாய் விசாரித்ததில்லை.

2023 ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிறு அன்று தெய்வீக சுகத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். பிரசங்கத்தின் உச்சத்தில், எழுதி ஆயத்தம் செய்யாத ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து புறப்பட்டது. "எத்தனை காலம்தான் மாத்திரை டப்பாவை நம்பிக்கொண்டிருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். சபை "அல்லேலூயா" என்று ஆர்ப்பரித்தது. எனக்கும் அது ஆவியின் ஏவுதலாகவே தோன்றியது. மறுநாள் காலையிலிருந்து அந்தச் சகோதரி மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு அவர் எழுந்து சாட்சி சொன்னார். இரண்டு வாரங்களாக மாத்திரை இல்லை, எந்தக் குறையும் இல்லை, கர்த்தருக்கே மகிமை என்றார். நானும் கைகளை உயர்த்தி ஸ்தோத்திரித்தேன். அந்த மாத்திரையிலுள்ள தைராக்ஸின் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஏழு நாட்களாகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அது சரீரத்தில் கொஞ்சம் கொஞ்சமாய்த் தங்கியிருக்கும். அந்த நாட்களில் அவரைத் தாங்கினது அதற்கு முன் அவர் விழுங்கியிருந்த மாத்திரையே.

பிப்ரவரி முடிவில் அவருக்குச் சோர்வு தொடங்கியது. முடி கொட்டியது. தோல் வறண்டது. திரும்பவும் மாத்திரை எடுக்கலாமா என்று அவர் எண்ணியதுண்டு. ஆனால் சபையார் எல்லார் முன்பாகவும் சாட்சி சொல்லியாயிற்றே! எந்த முகத்தோடு மருத்துவரிடம் போவது? அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் வேலை செய்யும் அவருடைய தங்கை, கைப்பேசியில் ஒரு காணொளியையும், தபாலில் ஒரு புட்டியையும் அனுப்பினாள். புட்டியில் இருந்தவை செலினியம் மாத்திரைகள். ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். "அக்கா, இது மருந்து இல்லை, இயற்கைச் சத்து. தைராய்டு தானாகவே சரியாகிவிடுமாம்" என்றாள். மருந்து இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை சகோதரிக்கு வழி காட்டியதுபோல் ஆயிற்று. சாட்சியும் பொய்யாகாது, சுகமும் கிடைக்கும். முதலில் ஒன்று, பின்பு காலை ஒன்று, இரவு ஒன்று என்று எடுக்கத் தொடங்கினார். இதையெல்லாம் நான் பிற்பாடுதான் அறிந்தேன்.

நான் கண்டது வேறு. பாடல் நடத்துகிற சகோதரியின் குரல் கரகரத்து, தடித்து, இறங்கிப்போயிற்று. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முழங்காலில் இருந்தபடியே தூங்கினார். ரேணிகுண்டாவின் ஏப்ரல் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அந்த வெயிலில் அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அப்பொழுதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ அதைப் பின்மாற்றம் என்று தீர்த்துவிட்டேன். ஒருநாள் கூட்டம் முடிந்தபின் அவரை அழைத்து, "சகோதரி, உங்கள் ஆதி அன்பு தணிந்துவிட்டது. ஜெபத்தில் தூங்குகிறவர்களை சத்துரு எளிதாய்ப் பிடித்துக்கொள்வான்" என்று கடிந்துகொண்டேன். அவர் தலைகுனிந்து, "மன்னியுங்கள் பாஸ்டர் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஓர் இரவு அவருடைய கணவர் தொலைபேசியில் அழைத்தார். எழுப்பினால் கண் திறக்கிறாள், உடனே தூங்கிவிடுகிறாள், உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றார். ஓர் ஆட்டோவில் அவரைத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். முகம் வீங்கியிருந்தது. நாடி மிக மெதுவாக ஓடியது. பரிசோதித்த மருத்துவர், "எத்தனை நாளாக மாத்திரையை நிறுத்தினார்?" என்று கேட்டார். கணவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பாஸ்டர் ஐயா பிரசங்கத்தில் சொன்னதினால் நிறுத்தினாள், அம்மா. ஜனவரியிலிருந்து" என்றார். அவர் கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும்.

கர்த்தர் இரங்கினார். இன்னும் சில நாட்கள் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். சில நாட்கள் மருத்துவமனையில் வைத்திருந்து சகோதரியைப் பிழைக்கவைத்தார்கள். அந்த நாட்களில் அந்த மருத்துவ அம்மையார் எங்களை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. செலினியம் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, பொறுமையாய் விளக்கினார். அன்று கேட்டதையும், அதன் பின்பு நான் படித்தறிந்ததையும் உங்களுக்கு எளிமையாய்ச் சொல்லுகிறேன்.

வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் பயின்றபோது, 'செலேனே' என்றால் சந்திரன் என்று மனப்பாடம் செய்தேன். 1817-ஆம் ஆண்டு சுவீடன் தேசத்து விஞ்ஞானி பெர்சீலியஸ், தாம் கண்டுபிடித்த தனிமத்திற்குச் சந்திரனின் அந்தப் பெயரையே சூட்டினார் என்பதை இப்பொழுதுதான் அறிந்தேன். அது நெடுங்காலமாய் விஷமென்றே கருதப்பட்டது. 1957-ஆம் ஆண்டில்தான் அது உயிருக்கு அவசியமான சத்து என்று ஆராய்ச்சியில் தெரியவந்தது.

நம் முன்கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு சுரப்பி, நாம் உண்ணும் உப்பிலும் மீனிலும் உள்ள அயோடினைக் கொண்டு ஒரு ஹார்மோனைச் செய்கிறது. அதில் பெரும்பகுதி டி4 எனப்படும். நான்கு அயோடின் அணுக்கள் கோக்கப்பட்டது அது. ஆனால் சரீரத்தில் முழு வேகத்தோடு வேலை செய்வது டி3. அதாவது நான்கில் ஒன்று கழற்றப்பட்டது. இதைக் கழற்றிவிடுகிற நொதிகளின் மையத்தில் இருப்பதுதான் செலினியம். 1990-ஆம் ஆண்டளவில்தான் இது உறுதியாயிற்று.

ஜங்ஷனில் வாழ்கிற நமக்கு இது எளிதாய் விளங்கும். நான்கு பெட்டிகளோடு வண்டி வருகிறது. ஜங்ஷனில் ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு மூன்றோடு அனுப்புகிறார்கள். கழற்றுகிற தொழிலாளி செலினியம். அவன் இல்லாவிட்டால் வேலை தடைப்படும். அதோடு, ஹார்மோனைச் செய்யும்போது சுரப்பிக்குள் உண்டாகிற காரமான பொருள்களால் சுரப்பியே வெந்துபோகாமல் காக்கிற வேறு நொதிகளுக்கும் செலினியம் வேண்டும். ஆகையால்தான் எடைக்கு எடை பார்த்தால் மற்ற உறுப்புகளைவிடத் தைராய்டில் செலினியம் அதிகமாயிருக்கிறது. காணொளியில் சொன்னது முழுப் பொய்யல்ல, பிரியமானவர்களே. பாதி உண்மை. அதுவே அதிக ஆபத்து.

நம் சகோதரிக்கு வந்தது ஹாஷிமோட்டோ என்று அழைக்கப்படும் நிலை. சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்தச் சுரப்பியைப் பகைத்து அழித்துவிடுகிறது. அப்படியானால் வண்டி புறப்படுகிற நிலையமே மூடப்பட்டுவிட்டது. வண்டியே வராதபோது, ரேணிகுண்டாவில் பெட்டி கழற்றுகிறவர்கள் நூறு பேர் நின்றாலும் என்ன பயன்? அந்தச் சிறு வெள்ளை மாத்திரைதான் அவருக்கு வண்டி. செலினியம் அதற்கு உதவி செய்யும், அதன் இடத்தை எடுக்காது.

ஹாஷிமோட்டோ நிலையில் செலினியம் கொடுத்தால் இரத்தத்திலுள்ள பகைப் புரதங்கள் குறைகின்றன என்று 2002-ல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு காட்டியது உண்மையே. ஆனால் 2013-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், நோயாளிக்கு நிச்சயமான நன்மை உண்டென்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றார்கள். அழிந்த சுரப்பியை அது உயிர்ப்பிக்கும் என்று எவரும் நிரூபிக்கவில்லை.

இன்னொரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அன்று சயீர் என்று அழைக்கப்பட்ட காங்கோ தேசத்தின் வடபகுதியில், அயோடினும் செலினியமும் ஒருங்கே குறைவுபட்ட மக்கள் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு இரண்டு மாதங்கள் தினம் 50 மைக்ரோகிராம் செலினியம் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-ல் வெளியாயிற்று. ஏற்கனவே தைராய்டு மிகவும் தளர்ந்திருந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமாயிற்று. கழற்றுகிறவன் சுறுசுறுப்பானான். வந்துகொண்டிருந்த சில வண்டிகளும் விரைவாய்த் தீர்ந்துபோயின. நல்ல எண்ணத்தோடு கொடுக்கப்பட்ட நல்ல பொருள்தான் அது. நேரமும் அளவும் அறியாமல் கொடுக்கப்பட்ட நல்ல பொருள் தீங்கு செய்யும். என் பிரசங்க வாக்கியத்தையும் நான் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன்.

அளவைக் குறித்தும் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய செலினியம் 40 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வருகிற ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோசேயின் ஜெபமாகிய 90-ஆம் சங்கீதத்தில் நம் ஆயுசுக்குச் சொல்லப்பட்ட எழுபது வருடங்களுக்கும் சேர்த்து ஒரு மனிதனுக்கு வேண்டிய மொத்தச் செலினியம் ஏறக்குறைய ஒரே ஒரு கிராம். நம்மை உருவாக்கினவர் இவ்வளவு நுட்பமாய் அளந்து வைத்திருக்கிறார்!

குறைந்தாலும் வியாதி, கூடினாலும் வியாதி. சீன தேசத்தின் கேஷான் பகுதியில் 1935 முதல் அறியப்பட்ட ஒரு கொடிய இருதய நோய்க்கு, மண்ணில் செலினியம் இல்லாததே முக்கியக் காரணம் என்று பிற்காலத்தில் கண்டார்கள். நம் தேசத்திலோ பஞ்சாபில் நவன்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில கிராமங்களின் மண்ணில் செலினியம் மிகுதி. அங்கே மாடுகளுக்குக் குளம்பு வெடித்துக் கழன்றது. அந்த மண்ணில் விளைந்ததை உண்ட மனிதருக்கும் முடி கொட்டியது, நகம் கெட்டது. 2008-ல் அமெரிக்காவில் ஒரு சத்து மருந்தில், சீட்டில் எழுதியிருந்ததைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு செலினியம் தவறுதலாய்க் கலந்துவிட்டது. 201 பேர் நோயுற்றார்கள்.

நம் சகோதரி எடுத்தது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். உணவில் கிடைப்பதையும் சேர்த்தால், தாங்கக்கூடிய உச்சவரம்பு என்று பலர் வகுத்த அளவையே அது தாண்டிவிடும். முடி கொட்டுவதை நிறுத்தத்தான் அவர் இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தார். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், செலினியம் மிஞ்சினாலும் முடி கொட்டும், எதனால் என்று இப்பொழுது பிரித்துச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர்.

மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த இரவுகளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எலியா சோர்ந்து, சூரைச் செடியின் கீழ்ப் படுத்துத் தூங்கிவிடுகிறான். தேவதூதன் வந்து அவனை எழுப்பியது, தூங்கினாய் என்று கடிந்துகொள்வதற்கல்ல. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்திருந்தான். அவன் புசித்து, மீண்டும் படுத்துக்கொண்டான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் போஜனம் கொடுத்தான். கர்த்தர் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் சோர்ந்து தூங்கின ஒரு சகோதரி என் எதிரில் இருந்தபோது, சரீரத்துக்கு என்ன என்று ஒரு கேள்வி கேட்காமல், ஆத்துமாவைக் குற்றப்படுத்தினேன்.

சகோதரி வீடு திரும்பிய அடுத்த ஞாயிறு, பிரசங்க பீடத்தில் நின்று சபையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜனவரியில் நான் சொன்ன அந்த வாக்கியம் கர்த்தருடைய வார்த்தையல்ல, என்னுடைய வார்த்தை என்றேன். சிலருக்கு அது இடறலாயிருந்தது. ஆராதனை முடிந்ததும் ஒரு மூத்த சகோதரர், "ஐயா, விசுவாசத்தைக் குறைத்துப் பேசிவிட்டீர்களே" என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நம்முடைய தேவன் இன்றும் சுகமாக்குகிறவர். அந்த விசுவாசத்திலிருந்து நான் ஓர் அடியும் பின்வாங்கவில்லை. ஆனால் எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டிக்கொடுத்த தேவனுடைய தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் கட்டச் சொன்னான். பவுலோடு வைத்தியனாகிய லூக்கா பயணம் செய்தான். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கின இயேசு, அவர்களை ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். சுகம் மெய்யானால் அது பரிசோதனைக்குப் பயப்படாது. ஆகையால் இப்பொழுது எங்கள் சபையில், "எனக்குச் சுகமாயிற்று" என்று சொல்லுகிறவர்களிடம் நான் சொல்லுவது இதுதான்: "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மருத்துவரிடம் காண்பியுங்கள். இரத்தப் பரிசோதனை செய்யட்டும். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று அவர் சொல்லட்டும். அதன்பின் சாட்சி சொல்லுங்கள்."

நகரங்களில் சொந்தபந்தங்களை விட்டுத் தனியே குடியிருக்கிற சகோதரிகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள். காரணமில்லாத சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிலக்கில் மாறுதல், குரல் தடித்தல், மனச்சோர்வு ஆகியவை தொடர்ந்தால், டி.எஸ்.ஹெச். என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துக் காபி அருந்துங்கள். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுங்கள். கர்ப்பமானால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் மிக அவசியம்.

அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பினால் கழுத்துக் கழலை குறைவதைப் பேராசிரியர் இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அந்த நன்மையை, இயற்கை என்ற பெயரால் இந்துப்பிலும் அயோடின் சேர்க்காத கல் உப்பிலும் இழந்துவிடாதீர்கள். செலினியத்துக்கோ மீனும், முட்டையும், இறைச்சியும், பருப்பும், கோதுமையும் போதும். ஒரு முட்டையிலேயே ஏறக்குறைய 15 மைக்ரோகிராம் உண்டு. மருத்துவர் சொல்லாமல் புட்டியை வாங்காதீர்கள்.

உபவாச நாளில் மாத்திரை எடுக்கலாமா என்று இப்பொழுதும் என்னிடம் கேட்கிறார்கள். எடுங்கள். ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குகிற மாத்திரையினால் உங்கள் உபவாசம் தேவ சமுகத்தில் குறைந்துபோவதில்லை. நீரிழிவு போன்ற மற்ற வியாதி உள்ளவர்கள் உபவாசத்தைக் குறித்தே முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்தச் சகோதரி இப்பொழுது நலமாயிருக்கிறார். குரல் திரும்ப வருவதற்குச் சில மாதங்கள் ஆயிற்று. அதுவரை பாடல் நடத்த வேறொருவரை நியமிக்கட்டுமா என்று அவரே கேட்டார். நான் வேண்டாம் என்றேன். கரகரத்த குரலோடு அவர் பாட, சபை சேர்ந்து பாடியது. மாத்திரை டப்பாவைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த இன்னும் மூன்று சகோதரிகள், நான் மன்னிப்புக் கேட்ட பிறகு என் மனைவியிடம் வந்து தங்கள் வியாதியைச் சொன்னார்கள். அவர்கள் இத்தனை நாளும் ஒளித்தது வியாதிக்குப் பயந்து அல்ல, எனக்குப் பயந்து.

ஊழியத்தில் இருக்கிற என் சகோதரர்களே, உங்கள் சபையிலும் அப்படி ஒளித்து வைத்திருக்கிறவர்கள் இருக்கக்கூடும். ஜெபத்தில் ஒருவர் தூங்கினால், முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

கர்த்தர் உங்கள் ஆவி, ஆத்துமா, சரீரம் முழுவதையும் காத்து நடத்துவாராக. ஆமென்.